நாலாவது கை

அத்தியாயம் 9

முன்னூற்று முப்பது வருடங்களுக்கு முன்னால் லண்டனில் சில பாதிரியார்கள் போட்டுக்கொண்ட சண்டை, இந்தச் சனிக்கிழமை காலையில் கண்மணியின் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. ஐம்பத்து நான்கு வயதாகிவிட்ட ஒருத்திக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஏழு மணிக்கு மேல் படுத்திருக்க உரிமை உண்டு. அந்த உரிமையைப் பின் இருக்கையில் ரூபினி எடுத்துக்கொண்டு, மடிக்கணினிப் பையைக் கட்டிப் பிடித்தபடி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

காடியை ஓட்டியவன் சுல்கிஃப்லி, கண்மணியின் உதவியாளன். தஞ்சோங் காராங்கில் வாப்பா நடத்தும் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் துப்பறிய வந்தவன். கல்லாவில் உட்கார்ந்தால் வாயை மூடிக்கொண்டு எண்ண வேண்டும், அது தன்னால் ஆகாது என்று அவனே சொல்வான்.

“அக்கா, கேஸ இன்னொரு தடவ சொல்லுங்க லா.”

“நாலு நாளா கூடவே சுத்துற. இன்னும் புரியலையா?”

“நாலு நாளா புரியுது. ராத்திரி தூங்கி எழுந்தா மறந்துடுது.”

கண்மணி வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்து, பிறகு கோல சிலாங்கூரில் ஒரு மோட்டார் பட்டறையின் மாடியில் சொந்தமாக அலுவலகம் போட்டவள். தானே கொளுத்திய கடை, தானே உடைத்த கண்ணாடி என்று பார்த்துப் பார்த்து அவளுக்கு மனிதர்கள் மேல் கோபம்கூட வராமல் போய்விட்டது. அலுப்புதான் வந்தது.

“கடவுள் ஒருத்தர். ஆனா பிதா, மகன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரு. அது எப்படின்னு அந்தக் காலத்து இங்கிலாந்துல ஆளாளுக்கு சின்னச் சின்ன புஸ்தகம் எழுதி அடிச்சுக்கிட்டாங்க. ஏடாகூடமா எழுதினா ஜெயில். அதனால பாதிப் பேரு பேர் போடல. பேர் போடாதவன் யாருன்னு கம்ப்யூட்டர வெச்சுக் கண்டுபிடிக்கிறதுதான் இந்தப் பொண்ணோட படிப்பு.”

“கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்?”

“பெரிய வார்த்தைய எவனும் காப்பியடிச்சுடலாம். ‘அண்ட்’, ‘பட்’, ‘ஆஃப்’னு சின்ன வார்த்தைங்க இருக்குல்ல, அத எத்தன தடவ போடுறோம்னு எழுதுறவனுக்கே தெரியாது. மிஷின் அத எண்ணும். ஆளுக்கு ஆள் மாறும். கைரேகை மாதிரின்னு வெச்சுக்கயேன்.”

“அப்ப எங்க வாப்பா மொட்டக் கடிதாசி எழுதினா அன்னிக்கே மாட்டிக்குவாரு. நாலு வார்த்தைக்கு ஒரு ‘அதாவது’ போடுவாரு.” சுல்கிஃப்லி ஒரு செம்பனை லோரியை முந்தினான். “செத்துப்போனவன கம்ப்யூட்டர் பிடிக்குது. உசுரோட இருக்கறவன நாம பிடிக்கணும். நமக்குத்தான் வேல ஜாஸ்தி.”

உயிரோடு இருப்பவனின் பெயர் செல்வா. பல்கலைக்கழகத்தில் ரூபினியோடு ஒரே அறையில், ஒரே கணினியில் ஒரு வருடம் வேலை செய்தவன். இப்போது விரிவுரையாளர். எட்டு மாதத்துக்கு முன் ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டான். அதில் இருந்தவை ரூபினி சேர்த்து வைத்திருந்த அதே இருநூற்றுப் பன்னிரண்டு நூல்கள். அவள் கண்டுபிடித்த அதே முடிவு. பெயரில்லாத ஒருவர் மூன்று கடிதங்களாக எழுதிய நூல் ஒன்றில், நாலாவதாக வரும் சிறு பகுதியில் மட்டும் அவருக்குத் தெரியாமல் வேறொருவரின் கை கலந்திருக்கிறது என்பதுதான் அந்த முடிவு. ‘நாலாவது கை’ என்று அதற்குப் பெயர் வைத்துக் கைதட்டலும் வாங்கிவிட்டான். ரூபினி தன் ஆய்வேட்டைக் கொடுத்தபோது, அவள்தான் திருடி என்று புகார் போனது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. தோற்றால் பட்டம் போகும், பெயரும் பதிவிலிருந்து போகும். புக்கிட் பெலிம்பிங் தோட்டத்தில் லோரி ஓட்டும் ஒருவரின் மகள் ஐந்து வருடம் படித்த படிப்பு, திருட்டுப் பட்டத்தோடு முடியும்.

பின்னால் ரூபினி விழித்துக்கொண்டாள். கைப்பேசியைப் பார்த்தாள். அதை முன்னால் நீட்டினாள்.

“மேடம், செல்வா திரும்பவும் மெசேஜ் போட்டிருக்கான். கம்ப்ளெய்ண்ட வாபஸ் வாங்கிக்கிறானாம். நாலாவது கைய ரெண்டு பேரும் சேந்து கண்டுபிடிச்சோம்னு நான் எழுதிக் குடுத்தா போதுமாம். ஒரு வருஷத்துல டிகிரி வந்துடும்னு சொல்றான்.”

“நீ என்ன நினைக்கிற?”

“எனக்கு டயர்டா இருக்கு மேடம்.” அவள் குரலில் அழுகைகூட இல்லை. “அம்மா தெனமும் போன் போட்டு எப்ப முடியும்னு கேக்குறாங்க. சைன் பண்ணிட்டுப் போய்ப் படுத்துக்கலாம்னு தோணுது.”

கண்மணிக்கு அந்தப் பெண்ணின் மேல் பாவமாக இருந்தது. அதைச் சொல்லாமல், “மொதல்ல திலகாவப் பாப்போம்,” என்றாள்.

அவர்கள் கையில் இருந்த ஒரே துப்பு திலகாதான். அந்தக் காலத்து அச்சு மங்கலாகவும் கோணலாகவும் இருந்ததால் கணினி தானாகப் படிக்காது, யாராவது உட்கார்ந்து கையால் தட்டச்சு செய்ய வேண்டும். ரூபினி நூலகத்தில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கொடுத்தாள். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்கு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பக்கத்து லயத்து வரிசை வீட்டிலிருந்த திலகா, இரண்டு வருடம் உட்கார்ந்து அத்தனையையும் அடித்தாள். பிறகு தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, மகள் வீட்டோடு சுங்கை ஆயர் தாவாருக்குப் போய்விட்டாள்.

செல்வாவோ, நூலகத்து மூலத்தைப் பார்த்துத் தானே ஒவ்வொரு வரியையும் அடித்ததாக விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருந்தான். அடித்தது தான்தான் என்று திலகா வந்து சொன்னால் விஷயம் முடிந்தது. கண்மணி அப்படித்தான் நம்பினாள்.

சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட ஓர் ஒட்டுக்கடை. தோசைக்கல்லுக்கு முன்னால் ஐம்பதை நெருங்கும் ஒல்லியான பெண் கரண்டியோடு நின்றாள். ரூபினியைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“என்னம்மா ரூபினி, இப்படி எளச்சுப் போயிட்ட! பசியாறிட்டியா? வாங்கக்கா, வாங்க தம்பி, உக்காருங்க.”

கண்மணி உட்கார்ந்தாள். முழங்கால் நன்றி சொன்னது. வந்த காரியத்தை நேராகச் சொன்னாள்.

“திலகா, ரூபினிக்கு நீங்க டைப் அடிச்சுக் குடுத்ததுக்கு ஏதாச்சும் ஆதாரம் இருக்கா? பழைய கம்ப்யூட்டர், பென் டிரைவ், ஏதாவது?”

“வெள்ளத்துல போச்சுக்கா. போன வருஷம் இடுப்பளவு தண்ணி. கம்ப்யூட்டர், கட்டிலு, அரிசிப் பானை எல்லாம் மொதந்துச்சு.” திலகா கையை விரித்தாள். “அந்தத் தம்பிகிட்டயும் அதத்தான் சொன்னேன்.”

“எந்தத் தம்பி?”

“செல்வா தம்பி. போன வாரம் வந்தாரு. பழமெல்லாம் வாங்கிட்டு வந்தாரு. ரொம்ப மரியாதையான புள்ள.”

ரூபினி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சுல்கிஃப்லி எதையோ சொல்ல வாயெடுத்து, அதிசயமாக மூடிக்கொண்டான்.

“வந்து என்ன கேட்டாரு?” கண்மணி கேட்டாள். பதில் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

“ரூபினிக்கு ஏதோ பிரச்சன, ஒத்தாசையா ஒரு கையெழுத்து வேணும்னாரு. இங்கிலீஷ்ல இருந்துச்சு. போட்டுக் குடுத்தேன். எனக்கு ஒரு காப்பி குடுத்துட்டுப் போனாரு.”

சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த காகிதத்தை எடுத்து வந்தாள். கண்மணி படித்தாள். ரூபினிக்காகத் தான் அடித்துக் கொடுத்தது சில சாதாரணப் பக்கங்கள்தான் என்றும், மேற்படி பழைய நூல்கள் எதையும் தான் அடித்ததே இல்லை என்றும் திலகா உறுதி கூறியிருந்தாள். கீழே அழகான கையெழுத்து.

“திலகாக்கா, இத படிச்சுப் பாக்கலையா?” ரூபினி காகிதத்தை எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“எனக்கு எழுத்துத் தெரியும்மா, அர்த்தம் தெரியாது. ஒங்க பழைய புஸ்தகத்தையும் அப்படித்தானே அடிச்சேன்? ஏன், என்னா போட்டிருக்கு அதுல?”

கண்மணி காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஒரு மணி நேரம் காடியில் வந்து, தங்கள் ஒரே சாட்சி எதிரியின் சாட்சியாகிவிட்டதைத் தெரிந்துகொண்டாயிற்று. திங்கட்கிழமை திலகா வந்து மாற்றிச் சொன்னாலும், கையெழுத்துப் போட்டவளே பல்டி அடிக்கிறாள் என்று செல்வா சிரிப்பான்.

“அக்கா, நான் பசியாறிக்கிறேன்,” என்றான் சுல்கிஃப்லி. “தோக்கறதுன்னா வயிறு நெறஞ்சிருக்கும்போது தோக்கணும். மூணு தோசை குடுங்க, திலகாக்கா.”

ரூபினி கைப்பேசியில் செல்வாவின் மெசேஜைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெருவிரல் திரைக்கு மேலே நின்றது. கண்மணி அவளைத் தடுக்கவில்லை. தடுப்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை.

திலகா தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். மூன்று தோசை. அடுத்த நொடி, மேலே இருந்த தோசையின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டைப் பிய்த்து, சட்னிக்குப் பக்கத்தில் தனியாக வைத்தாள்.

“மூணா வைக்கக் கூடாது, தம்பி.”

“தெரியும்க்கா. எங்க கடையிலயும் சில பேரு மூணு ரொட்டி வெச்சா சண்டைக்கு வருவாங்க. பிச்சுட்டா நாலு, சரியாப் போச்சு.” அவன் பிய்த்து வைத்த துண்டைப் பார்த்து, “வாடா தம்பிப் பயலே,” என்றான்.

கண்மணி தன் வாழ்நாளில் இதை ஆயிரம் தடவை பார்த்திருப்பாள். அவள் அம்மா செய்வாள். அவளே செய்வாள். கை தானாகச் செய்யும், கண் கவனிக்காது. எழுதுகிறவனுக்கே தெரியாமல் விழுகிற சின்ன வார்த்தைகளைப் பற்றிக் காலையில் தானே சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. பிய்த்து வைத்திருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரூபினி, அந்த போன கீழ வை.”

“மேடம்?”

“வை சொல்றேன். திலகா, டைப் அடிச்சுட்டு ஃபைல எப்படிப் பிரிப்பீங்க?”

“ரூபினி சொன்ன மாதிரிதான்க்கா. ஒரு பாகத்துக்கு ஒரு ஃபைலு. ரெண்டு பாகம் இருந்தா ரெண்டு. அஞ்சு இருந்தா அஞ்சு.”

“மூணு இருந்தா?”

திலகா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். தப்பு செய்து பிடிபட்டவள் போல இல்லை. இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போலத்தான் பார்த்தாள்.

“படிக்கிற புள்ளைக்கு மூணா எப்படிக்கா அனுப்புறது? கடைசிப் பத்திய மட்டும் வெட்டி, நாலுன்னு நம்பர் போட்டுத் தனி ஃபைலா வெச்சுருவேன். ஒரு எழுத்து கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. வேணும்னா எண்ணிப் பாருங்க.”

சுல்கிஃப்லி மெல்லுவதை நிறுத்தினான்.

“யா அல்லா! மூணு எப்படி ஒண்ணாவும்னு வெள்ளக்காரன் வருஷக்கணக்கா சண்ட போட்டிருக்கான். இந்த அக்கா லயத்துல உக்காந்துகிட்டு சத்தமில்லாம நாலாக்கிட்டாங்க.”

ரூபினி ஏற்கெனவே மடிக்கணினியைத் திறந்திருந்தாள். நூலுக்கு ஒன்றாக இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புறைகள். மூன்று கோப்புகள் உள்ளதை மட்டும் காட்டு என்று கேட்டாள். கணினி ஒன்றையும் காட்டவில்லை. நான்கு உள்ளவற்றைக் கேட்டாள். பதினெட்டு வந்தன. நூலகத்தில் பிடித்த படங்களைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். ஏழு நூல்களில் நிஜமாகவே நான்கு பாகம். மீதிப் பதினொன்றில் மூன்றுதான். நாலாவது என்று இருந்தது, மூன்றாவதன் கடைசிப் பத்தி. அச்சில் இடைவெளிகூட விடாமல் அதே பக்கத்தில் ஓடியது.

“செல்வா அவன் டேட்டாவ இன்டர்நெட்ல போட்டிருக்கான்ல, அத திற.”

திறந்தாள். செல்வாவின் பட்டியலில் அதே பதினொரு நூல்கள். அதே நான்கு நான்கு கோப்புகள்.

“மூலத்தப் பாத்து அடிச்சேன்னு எழுதிக் குடுத்திருக்கான்,” கண்மணி மெதுவாகச் சொன்னாள். பல நாளைக்குப் பிறகு அவளுக்கு வேலை பிடித்திருந்தது. “மூலத்துல மூணுதான் இருக்கு. அப்ப அவன் ஏன் பதினோரு எடத்துல வெட்டினான்? கமிட்டி கேக்கட்டும். பதில் தெரிஞ்ச ஒரே ஆளு தோசை சுட்டுக்கிட்டு இருக்காங்க.”

“திலகாக்காதான் எனக்கு அடிச்சுக் குடுத்தாங்கன்னு அவன் இப்ப கதைய மாத்தினா?” சுல்கிஃப்லி கேட்டான்.

கண்மணி பையைத் தட்டினாள். “அதுக்குத்தான் இந்தக் காகிதம். இவங்க அந்த நூலத் தொட்டதே இல்லன்னு அவனே கையெழுத்து வாங்கி வெச்சிருக்கான். வெளிய வர இருந்த ஒரே கதவையும் அவனே பூட்டிட்டுப் போயிட்டான்.”

“போன வாரம் வந்தவரு இங்க சாப்பிட்டாரா, திலகாக்கா?” என்றான் சுல்கிஃப்லி.

“சாப்பிட்டாரு தம்பி. ரெண்டு தோசை. ஒடம்பு போடுதுன்னு வேணாம்னுட்டாரு.”

“இன்னொண்ணு கேட்டிருந்தா தப்பிச்சிருப்பான்,” என்று சுல்கிஃப்லி தன் தட்டை இழுத்துக்கொண்டான். “டயட் இருந்து அழிஞ்ச மொத ஆளு இவன்தான்.”

அவன் சிரித்தான். கண்மணியும் பாதி சிரித்தாள். ரூபினி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் இருந்தது நிம்மதி இல்லை என்பதைக் கண்மணி கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.

“என்னம்மா?”

“அந்த மூணு கடிதாசி நூலும் இந்தப் பதினொண்ணுல ஒண்ணு, மேடம்.”

கண்மணிக்குப் புரிந்துவிட்டது. சுல்கிஃப்லிக்காக ரூபினியே சொன்னாள்.

“நாலாவது கைன்னு யாருமே இல்ல. எழுதினது ஒரே ஆளு. கடைசிப் பத்தின்னா கும்புடு போடறது, ஜெபம் பண்றது, போய்ட்டு வரேன்னு சொல்றது. அதத் தனியா வெட்டிக் குடுத்தா மிஷினுக்கு வேற ஆளு மாதிரி தெரியும். அதுவும் நூத்தியம்பது வார்த்தைதான். அவ்வளவு கொஞ்சத்துல மிஷின் என்னா வேணும்னாலும் சொல்லும்.” அவள் மடிக்கணினியை மூடினாள். “சின்னதா இருக்கேன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. ரிசல்ட் அழகா இருந்துச்சு. படத்த எடுத்து ஒரு தடவ பாத்திருந்தா போதும். பாக்கல. என் நாலாவது சாப்டர் மொத்தமும் பொய்.”

கடைக்கு வெளியே இரண்டு மோட்டார் சைக்கிள்கள் போயின. திலகா அடுப்பைக் குறைத்தாள்.

கண்மணிக்கு இந்த இடம் பழக்கமானது. உண்மையைத் தோண்டிக்கொடுத்தால், கேட்டவர் தலையிலேயே பாதி விழும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். ஆனாலும் வழிகளைச் சொல்ல வேண்டியது அவள் கடமை.

“ரெண்டு வழி இருக்கு ரூபினி. செல்வாவுக்கு சரின்னு மெசேஜ் போட்டா டிகிரி வரும். நாலாவது கை ரெண்டு பேர் பேர்லயும் உசுரோட இருக்கும். எங்க மூணு பேருக்கும் தெரியும், நாங்க யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. இல்லன்னா திங்கட்கிழமை போய், இது எப்படி நாலாச்சுன்னு சொல்லணும். அவன் திருடன்னு நிக்கும். நீ தப்புப் பண்ணதும் கூடவே நிக்கும்.”

திலகாதான் பேசினாள். அவள் குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

“நான் ஏதோ தப்பு பண்ணிட்டேனாம்மா? ஒனக்கு நல்லது நடக்கணும்னுதான் அப்படி வெச்சேன். சாமி சத்தியமா வேற ஒண்ணும் இல்ல.”

ரூபினி எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு நாளாக அழாதவள் இப்போது அழுதாள்.

“நீங்க ஒரு எழுத்துகூட தப்பா அடிக்கலக்கா. பாக்காம விட்டது நான். எடுத்துட்டுப் போனவனும் பாக்கல. அதனாலதான் அவன் மாட்டினான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். செல்வாவின் மெசேஜை அழித்தாள். விசாரணைக் குழுவின் செயலாளருக்கு நின்றபடியே எழுதினாள். எழுதி முடித்ததைக் கண்மணிக்குப் படித்துக் காட்டினாள். தன் நான்காவது அத்தியாயம் தவறு என்றும், அதைத் திரும்பப் பெறுவதாகவும், அது எப்படித் தவறியது என்பதைத் திங்கட்கிழமை ஒரு சாட்சியோடு வந்து காட்டுவதாகவும், அதே தவறு செல்வாவின் கட்டுரையிலும் அதே இடத்தில் இருப்பதைக் குழு அப்போது பார்க்கலாம் என்றும் இருந்தது. அனுப்பிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“டிகிரி குடுப்பாங்களா?” சுல்கிஃப்லி கேட்டான். அவன் குரலில் கேலி இல்லை.

“தெரியல. திருடின்னு சொல்ல மாட்டாங்க. இப்போதைக்கு அது போதும்.”

திலகா அவள் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். கொஞ்ச நேரம் எதையோ மனசுக்குள் எண்ணினாள்.

“ரூபினி, ஒன் புஸ்தகத்துல மொத்தம் எத்தன பாகம்?”

“நாலுக்கா.”

“இப்ப ஒண்ண எடுத்துட்டியே. மிச்சம்?”

சுல்கிஃப்லி தலையில் கை வைத்துக்கொண்டான். ரூபினி விரலை மடக்காமலே பதில் சொன்னாள். சொல்லும்போதே அவள் உதடு கோணியது.

“மூணு.”

“மூணா குடுக்காதம்மா. சின்னதா இன்னொண்ணு சேத்துக் குடு.”

ரூபினி அவளைப் பார்த்தாள். ஐந்து வருடக் களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அதற்கு நடுவில் சிரித்தாள்.

“சேத்துடலாம்க்கா. இதுதான் நடந்துச்சுன்னு எழுதி, தலைப்புல ஒங்க பேரப் போடுறேன்.”

பிறகு கை நீட்டி, சுல்கிஃப்லியின் தட்டில் மிச்சமிருந்த அந்தப் பிய்த்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.